மருதையாற்றுப் பாலமும் ஒரு ராஜினாமா கடிதமும்

பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர் பக்கம் ஓடி, அரியலூரைக் கடந்து கொள்ளிடத்தில் போய்ச் சேருகிற ஆறு மருதையாறு. ஆறு என்றா சொன்னேன்? வருஷத்தில் பாதி நாள் அதில் மணலும் கருவேலமரமும்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பெய்தால் மட்டும் திடீரென்று தன் பெயரை நினைவுபடுத்திக்கொண்டு வரும்.

1956 நவம்பர் 23. அப்படி ஒரு கார்த்திகை மாதத்து விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டியது. மருதையாற்றில் வெள்ளம். பாலத்தை ஒட்டிய கரையைத் தண்ணீர் அரித்துவிட்டிருந்தது. தண்டவாளம் பார்வைக்கு அப்படியே இருந்தது. கீழே தாங்க மண் இல்லை. இன்ஜினும் பெட்டிகளும் வெள்ளத்துக்குள் சரிந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலானோர் தூக்கத்திலேயே.

இன்றும் அரியலூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் 'ரயில் கவுந்த வருஷம்' என்றால் போதும், எந்த வருஷம் என்று விளக்க வேண்டியதில்லை. (அரியலூர் தனி மாவட்டமாக மறுபடி உருவானதும் 2007-ல் இதே நவம்பர் 23 அன்றுதான். தேதிகள் சில நேரம் இப்படி ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கின்றன.)

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. விபத்து நடந்த சில நாட்களில் பிரதமர் நேருவிடம் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார்.

இந்த வாரம் 'மற்றவர்களை நம் சொல் கேட்க வைப்பது எப்படி' என்று எழுதலாம் என உட்கார்ந்தேன். வீட்டில் பிள்ளை, அலுவலகத்தில் கீழே வேலை பார்ப்பவர், குழுவில் உறுப்பினர், ஊரில் பங்காளி... யாரையும் புண்படுத்தாமல், மிரட்டாமல், ஏமாற்றாமல் ஒரு காரியத்துக்கு எப்படி இணங்க வைப்பது? இதற்கென்று பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. டேல் கார்னகி 1936-லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி உலகம் முழுக்க விற்றார். எதிரில் இருப்பவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, சிரி, அவர் பேசுவதைக் கேள். நல்ல யோசனைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சிரித்துக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற எத்தனை பேரை நாம் நம்புகிறோம்? சீட்டுக் கம்பெனிக்காரரும் அப்படித்தான் சிரித்தார்.

அதனால்தான் எனக்குப் பயிற்சி வகுப்பைவிட மருதையாற்றங்கரை முக்கியமாகப் படுகிறது.

செல்லும் வாக்கு

நம் மொழியில் இதற்கு ஓர் அழகான சொல் உண்டு. செல்வாக்கு. பிரித்துப் பாருங்கள்: செல்லுகிற வாக்கு. நாணயம் மாதிரி. கடைக்காரர் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டால் அது செல்லும் காசு. திருப்பித் திருப்பிப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டால் செல்லாக்காசு. வாக்கும் அப்படித்தான். ஒருவர் சொன்னால் போய்ச் சேருகிறது. இன்னொருவர் அதே வார்த்தையை, அதைவிட அழகாகச் சொன்னாலும் நம் கைக்கே திரும்பி வருகிறது. வித்தியாசம் வார்த்தையில் இல்லை. அந்த வாக்குக்குப் பின்னால் என்ன வைப்பு இருக்கிறது என்பதில்தான்.

சாஸ்திரி அந்த வைப்பை எப்படிச் சேர்த்தார்?

அரியலூருக்குச் சில மாதங்கள் முன்பு, அதே 1956-ல், இன்றைய தெலங்கானாவில் இருக்கிற மெகபூப்நகர் அருகே ஒரு ரயில் விபத்து. நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி. அப்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. 'நீங்கள் என்ன செய்வீர்கள், போய் வேலையைப் பாருங்கள்' என்கிற மாதிரி அது முடிந்துபோனது.

இந்த இடத்தில் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம் என்று யோசித்துப் பாருங்கள். 'நான் அப்பவே விலகுறேன்னு சொன்னேன், பெரியவர்தான் விடலை' என்பதை ஒரு சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வோம். இரண்டாவது விபத்து நடந்தால் அந்தச் சட்டத்தைத் துடைத்துக் காட்டுவோம். சாஸ்திரி அந்தச் சான்றிதழைப் பயன்படுத்தவில்லை. இரண்டாவது முறையும் எழுதிக் கொடுத்தார். இந்த முறை ஏற்கச் சொல்லி வற்புறுத்தினார்.

அவர் பாலம் கட்டவில்லை. கரையைப் பார்வையிட வேண்டியது அவர் வேலையும் இல்லை. மழைக்கு அவர் பொறுப்பா? பொறியாளர் யார், பகுதி மேற்பார்வையாளர் யார், தண்டவாளத்தைக் காவல் பார்த்தவர் யார் என்று கீழே கை காட்டியிருக்கலாம். அப்படிக் காட்டுவதில் பொய்யும் இருந்திருக்காது. கடைசியில் ஒரு கேங்மேன் தலையில் போய் விடிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நேரு அந்த ராஜினாமாவை ஏற்ற விதம். நாடாளுமன்றத்தில் எழுந்து, சாஸ்திரியின் நேர்மையையும் உழைப்பையும் மனதாரப் பாராட்டினார். இந்த விபத்துக்கு அவர் எந்த வகையிலும் காரணமில்லை என்பதையும் சொன்னார். பிறகு ஏன் ஏற்றார்? என்ன நடந்தாலும் நாற்காலி நாற்காலிதான் என்ற எண்ணம் ஆட்சியில் இருக்கிற யாருக்கும் வந்துவிடக் கூடாது. அந்த முறைமைக்காக ஏற்கிறேன் என்றார்.

பதவியை எடுத்தார், ஆளை எடுக்கவில்லை. ஒருவரை ஒரு பொறுப்பிலிருந்து விலக்க வேண்டிய கட்டாயம் நம்மில் பலருக்கும் வரும். கடையில், பள்ளியில், கோயில் கமிட்டியில். அப்போது நாம் பதவியையும் எடுத்து, அவர் மானத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். எடுத்தது நியாயமாகவே இருந்தாலும், அந்த மனிதர் அதன் பிறகு நம் தெருவழியாக வருவதில்லை. சாஸ்திரியோ 1957 தேர்தலில் அலகாபாத்திலிருந்து ஜெயித்து மறுபடி அமைச்சரவைக்கு வந்தார். வரக்கூடிய மாதிரி கதவைத் திறந்து வைத்திருந்தது அந்த நாடாளுமன்றப் பேச்சு.

மோனையும் எதுகையும்

அரியலூரில் இன்னொரு வகைச் செல்வாக்கும் பிறந்தது. அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் நம் ஊர்க்காரர், ஓ.வி.அழகேசன். 1957 தேர்தல் வந்தது. அரியலூர், அழகேசன். மோனை தானாக வந்து விழுந்தது. ஆண்டதும் மாண்டதும் எதுகை ஆயின. தி.மு.க. மேடைகளில் எழுந்த அந்தக் கோஷம் சுவரிலும் வாயிலும் ஏறி, இன்றுவரை தமிழ்நாட்டு அரசியல் கோஷங்களில் முதல் வரிசையில் நிற்கிறது. என் தலைமுறைக்கே அது மனப்பாடம்.

எதிர்க்கட்சி கேள்வி கேட்கத்தான் வேண்டும். அத்தனை உயிர் போனபோது யாரும் கோஷம் போடாமல் இருந்தால்தான் ஊருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். ஆனால் கோஷத்தின் இயல்பு ஒன்று உண்டு. அது ஒரு மனிதரை ஒரு பெயராகச் சுருக்கிவிடும். பிறகு அவர் என்ன செய்தாலும் அந்தப் பெயர்தான். அழகேசனை இங்கே கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருஷம் கழித்து இதே கதையில் அவர் மறுபடி வருகிறார்.

'சரி சார், சாஸ்திரி போனதால் பாலம் எழுந்து நின்றுவிட்டதா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமைச்சர் விலகியதால் ஒரு தூணும் பலப்படவில்லை. இறந்தவர் வீட்டு அடுப்பு எரிந்துவிடவில்லை. ராஜினாமா மட்டுமே பரிகாரம் என்றால், அது சுலபமான பரிகாரம்தான். கடிதம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று நடந்தது. பெரிய ரயில் விபத்து எங்கே நேர்ந்தாலும், இன்றைக்கும் யாராவது ஒருவர் அரியலூரையும் சாஸ்திரியையும் பேசத்தான் செய்கிறார். 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசாலில் இரண்டு ரயில்கள் மோதியபோது அன்றைய ரயில்வே அமைச்சர் நிதிஷ் குமார் விலகினார். யாரும் சட்டம் போடவில்லை. அமைச்சர் விலக வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை. ஆனாலும் அடுத்தடுத்து வந்தவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. கட்டளை இல்லாமல், ஆள் செத்து அறுபது வருஷமான பிறகும் செல்லுகிற வாக்கு அது.

கீழப்பழுவூரிலிருந்து வந்த கேள்வி

1964 மே மாதம் நேரு மறைந்தார். அடுத்து யார்? காங்கிரஸ் தலைவராக இருந்தவர் நம் காமராஜர். அவர் மேடை போட்டுப் பேசவில்லை. முதல்வர்களையும் எம்.பி.க்களையும் தனித்தனியாகப் பார்த்தார், மனதில் இருப்பதைக் கேட்டார், கேட்டு வைத்துக்கொண்டார். பிறகு பெரும்பான்மைக் கருத்து சாஸ்திரி பக்கம் என்று சொன்னார். போட்டியில் இருந்த மொரார்ஜி தேசாயே சாஸ்திரியின் பெயரை வழிமொழிந்தார். தோற்றவரைத் தலைகுனிய வைக்காமல் ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதற்கு இது தனிப் பாடம். இன்னொரு வாரம் எழுத வேண்டிய அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது.

இப்போது நாம் மறுபடி அரியலூர் சீமைக்கு வர வேண்டும். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீழப்பழுவூர் இருக்கிறது. அந்த ஊர் இளைஞர் சின்னச்சாமி, 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன் உயிரையே கொடுத்துவிட்டார். மனைவியும் சிறு குழந்தையும் இருந்த குடும்பஸ்தர். அப்படி ஒரு சாவு எந்த வீட்டிலும் நிகழக் கூடாது. அவர் அப்படிச் செய்தது பற்றி இங்கே நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. நான் பார்ப்பது, மேலே இருந்தவர்களின் காதை. அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தது. ஒரு வருஷம் முழுசாக.

1965 ஜனவரி 26-ல் இந்தி ஆட்சிமொழியாகும் நாள் வந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். மாநிலத்தில் முதல்வர் பக்தவத்சலம் போலீஸை நம்பினார். டெல்லியில் பிரதமர் சாஸ்திரி. ஆமாம், அதே சாஸ்திரிதான். துப்பாக்கிச் சூடு, தீவைப்பு, கைது, பல உயிர்கள். பக்கத்து அறையில் அழுகிற குழந்தைக்கு 'சும்மா இரு' என்று இங்கிருந்தே சத்தம் போடுகிற மாதிரி இரண்டு வாரத்துக்கு மேல் போனது.

பிப்ரவரி 11-ம் தேதிவாக்கில் மத்திய அமைச்சரவையிலிருந்து இரண்டு தமிழர்கள் ராஜினாமா கொடுத்தார்கள். ஒருவர் சி.சுப்பிரமணியம். மற்றவர் யார் தெரிகிறதா? ஓ.வி.அழகேசன். அரியலூர் கோஷம் யாரை ஒரு பெயராகச் சுருக்கியதோ, அவரேதான். ஒன்பது வருஷம் முன்பு தன் அமைச்சகத்தின் மூத்தவர் எப்படி விலகினார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். இப்போது அந்த மூத்தவருக்கே அதே மாதிரி ஒரு கடிதம்.

அன்று இரவு சாஸ்திரி வானொலியில் பேசினார். நடந்தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தார். இந்தி பேசாத மக்களுக்கு நேரு கொடுத்த உறுதிமொழியைக் காப்பேன் என்றார். மாநிலங்கள் தங்கள் மொழியில் நிர்வாகம் நடத்தலாம், மத்திய அரசோடு ஆங்கிலத்தில் தொடர்புகொள்ளலாம், மத்திய அரசுப் பணித் தேர்வில் ஆங்கிலம் தொடரும் என்று விஷயம் விஷயமாகச் சொன்னார். போராட்டம் தணியத் தொடங்கியது. இரண்டு அமைச்சர்களும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த உறுதிமொழி 1967-ல் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தமாக எழுத்தில் ஏறியது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது இதுதான்: சாஸ்திரி இங்கே மகான் இல்லை. தாமதம் செய்தவர். தாமதத்துக்கு மற்றவர்கள் விலை கொடுத்தார்கள். 1956-ல் ஒருவர் பொறுப்பை ஏற்றார் என்பதால் 1965-லும் அவருக்குத் தானாகவே காது கேட்டுவிடாது. வைப்பில் இருக்கிற காசு எடுக்க எடுக்கக் குறையும். ஆனால் பேசியபோது, 'மாணவர்களைத் தூண்டிவிட்டவர் யார்' என்று ஆரம்பிக்காமல், 'நாங்கள் கொடுத்த வாக்கு இது, அதை இப்படிக் காப்போம்' என்று ஆரம்பித்தார். அவர் வாயிலிருந்து வந்ததால், அது நம்பும்படியாகவும் இருந்தது. கொஞ்சம் பாக்கி இருந்திருக்கிறது.

அதே 1965-ன் பிற்பாதியில் போர். அரிசி, கோதுமைத் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை வரத்தை நம்பி நாடு உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவோ அதை வைத்தே நெருக்கியது. வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். கேட்பதற்கு முன்னால், ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். என் பிள்ளைகளால் ஒரு வேளை பசி தாங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊரார் பிள்ளைகளிடம் கேட்பேன் என்று. இதை அவர் மகன் அனில் சாஸ்திரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹோட்டல்கள் திங்கட்கிழமை இரவு கதவைச் சாத்தின. 'சாஸ்திரி விரதம்' என்று அதற்கு மக்களே பெயர் வைத்தார்கள்.

சர்க்கரை தின்னாதே என்று குழந்தைக்குச் சொல்வதற்கு முன் தான் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்த மகானின் கதை உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஒரு வாரம் காந்தி பெயரில், மறுவாரம் ராமகிருஷ்ணர் பெயரில். கதைக்கு முகவரி கிடையாது. இந்த அடுப்புக்கு முகவரி உண்டு.

ஊக்குநரின் கடிதம்

இதையெல்லாம் நான் எடுத்துப் படிக்கக் காரணமே ஒரு கடிதம்தான். பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மகளிர் சுய உதவிக்குழு ஒன்றின் ஊக்குநர். 1989-ல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். மாதச் சேமிப்பு, உள்கடன், பிறகு குழுவின் பெயரில் வங்கிக் கடன். ஒருவர் தவணை தவறினாலும் குழுவின் பெயர்தான் கெடும், அடுத்த கடன் தள்ளிப்போகும்.

அவர் குழுவில் ஓர் உறுப்பினர் மூன்று மாதமாகத் தவணை கட்டவில்லை. உறவில் இவருக்குச் சித்தி முறை. சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள். விலை ஏறட்டும் என்று பட்டறையில் போட்டு வைத்தது மழையில் அழுகிவிட்டது. வங்கியிலிருந்து போன் மேல் போன். பொறுத்துப் பார்த்த நம் வாசகி ஒரு நாள் குழுவின் வாட்ஸ்அப்பில் சித்தியின் பெயரையும் பாக்கித் தொகையையும் போட்டு, 'ஒருத்தரால எல்லாருக்கும் கெட்ட பேரு' என்று ஒரு வரியும் எழுதிவிட்டார். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அன்று இரவே சித்தி குழுவை விட்டு வெளியேறினார். இப்போது தெருவில் பார்த்தால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போகிறார். வாசகியின் அம்மா, 'கடனும் போச்சு, தங்கச்சியும் போச்சு' என்று இவரிடம் பேசுவதில்லை.

'நான் பண்ணது தப்பா? கறாரா இருந்தாதானே குழு நடக்கும்? தன்மையா பேசினா ஏமாத்துறாங்க' என்று கேட்டிருக்கிறார்.

பதில் எழுத உட்கார்ந்தவன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டேன். அதில் இப்படி இருந்தது: 'போன வருஷம் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுனப்ப நானும் ரெண்டு தவணை தள்ளித்தான் கட்டினேன். நோட்டு எங்கிட்ட இருந்ததால யாருக்கும் தெரியாது.'

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அந்த வரியில் இருக்கிறது. நீங்கள் கறாராக இருந்தது தப்பில்லை. தவணை கட்டித்தான் ஆக வேண்டும். வெங்காயம் அழுகியது நிஜம் என்றாலும், மற்றப் பெண்களின் சேமிப்பும் நிஜம். ஆனால் உங்கள் நெருக்கடிக்கு நோட்டுக்குள் ஓர் இடம் கிடைத்தது. சித்தியின் நெருக்கடிக்கு வாட்ஸ்அப்பில் இடம் கொடுத்தீர்கள். அவருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரியை எழுதும்போது உங்கள் விரல் கொஞ்சம் அதிகமாக அழுந்தியதற்குக் காரணமே அதுவாகவும் இருக்கலாம். நமக்குள் ஒளித்து வைத்திருப்பதைத்தான் நாம் வெளியே அதிகமாகத் திட்டுகிறோம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். எந்த இடத்தில் பெயர் போட்டேனோ, அதே வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதுவேன். அவமானம் பத்துப் பேர் முன்னால் நடந்தது. மன்னிப்பை மட்டும் கொல்லைப்புறமாகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. நீளமாக வேண்டாம். 'சித்தி பேரை இங்க போட்டது முறையில்லை. கூட்டத்துல பேசியிருக்கணும். மன்னிச்சிக்குங்க.' இவ்வளவுதான். 'ஆனா தவணை கட்டணும்' என்று அதே மூச்சில் சேர்த்தீர்களோ, முன்பாதி காணாமல் போய்விடும். அந்த 'ஆனா'வை இன்னொரு நாளைக்கு எடுத்து வையுங்கள்.

பிறகு சித்தி வீட்டுக்குப் போங்கள். நோட்டு இல்லாமல். பிரதிநிதியையும் இரண்டு பேரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நான்கு பேர் படியேறினால் அது ஜப்தி மாதிரி இருக்கும். அவர் உள்ளே கூப்பிடவில்லை என்றால் திண்ணையில் உட்காருங்கள். பட்டறையில் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு தேறியது என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரம்பலூர் பக்கத்தில் வெங்காயம் அழுகிய கதையைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் முடியாது என்று எனக்குத் தெரியும். முடியட்டும். 'நீங்க எப்பலேருந்து, எவ்வளவு கட்ட முடியும் சித்தி?' என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. அதற்கு அவர் 'முடியாது' என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும். 'முடியாது' என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருவர் சொல்லுகிற 'சரி'யை நம்பி வங்கிக்குப் பதில் சொல்லாதீர்கள்.

இது பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். சித்தி திரும்பி வராமலும் போகலாம். பட்ட அவமானத்தை ஆற்றிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. அதை நாம் அவசரப்படுத்த முடியாது. ஆனால் உங்கள் குழுவில் மிச்சம் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டைவிரல் தூக்கிய அந்த இரண்டு பேர் உட்பட. அடுத்த மழைக்கு யார் வீட்டுப் பட்டறை என்று அவர்களுக்கும் தெரியாது. வருகிற மாதம் நீங்கள் ஒன்று சொன்னால் அது செல்லுமா, செல்லாதா என்பதை இப்போதே அவர்கள் மனதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான் கஷ்டமானது. சித்தியின் பாக்கியைப் பற்றிப் பேச்சு எடுப்பதற்கு முன்னால், போன வருஷத்து உங்கள் இரண்டு தவணைகளைச் சொல்லிவிடுங்கள். எந்த மாதம், எவ்வளவு, எப்போது கட்டினேன் என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். யாராவது முணுமுணுப்பார்கள். ஒருத்தி, 'அதான பார்த்தேன்' என்பாள். பொறுத்துக்கொள்ளுங்கள். தாமதத் தவணைக்கு இனி என்ன வழி, பயிர் போனால் எத்தனை மாதம் அவகாசம், பெயரை எங்கே பேசுவது, எங்கே பேசக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த விதி உங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதை முதல் கையெழுத்தாகப் போட்டுக் காட்டுங்கள்.

நோட்டு இத்தனை வருஷமாக உங்கள் வீட்டு பீரோவிலேயே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஊக்குநர், பிரதிநிதி பொறுப்புகளைச் சுழற்சியில் மாற்றிக்கொள்வது குழுக்களுக்குச் சொல்லித்தரப்படுகிற வழக்கம்தானே? அந்தக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது நோட்டை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.